வாழ்ந்த காலமும் கணக்கில் ஏறிய காலமும்

அமெரிக்காவில் இருபது ஆண்டுகள் வேலை பார்த்து, வரி கட்டி, வீடு வாங்கி, பிள்ளைகளைக் கல்லூரி வரை படிக்கவைத்த ஒருவர், அந்நாட்டுக் குடியுரிமைக்கான கணக்கில் ஒரு நாளைக்கூடச் சேர்த்திராமல் இருக்க முடியும். மாணவர் விசாவில் கழிந்த ஆண்டுகளும் எச்-1பி என்ற வேலை விசாவில் கழிந்த ஆண்டுகளும் அந்தக் கணக்கில் வருவதில்லை. நிரந்தர வசிப்புரிமை தரும் கிரீன் கார்டு கிடைத்த நாளில்தான் எண்ணிக்கை தொடங்குகிறது. ஆண்டுதோறும் வரம்பிட்டுத் தரப்படும் கிரீன் கார்டுகளில் எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பது சட்டம். அதனால் விண்ணப்பங்கள் மலைபோல் குவிந்திருக்கும் இந்தியா போன்ற நாடுகளில் பிறந்தவர்கள் வரிசையில் நின்றபடியே தலை நரைத்துப்போகிறார்கள்.

பக்கத்திலேயே இருக்கும் கனடாவில் கணக்கு வேறு. அங்கே விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய ஐந்து ஆண்டுகளில் 1,095 நாட்கள் நாட்டுக்குள் இருந்திருக்க வேண்டும். நிரந்தர வசிப்புரிமை கிடைக்கும் முன்பு மாணவராகவோ தற்காலிகத் தொழிலாளராகவோ இருந்த ஒவ்வொரு நாளும் அரை நாளாக எடுத்துக்கொள்ளப்படும். அப்படி அதிகபட்சம் 365 நாட்கள் வரை சேர்க்கலாம். வளைகுடா நாடுகளில் இந்தக் கணக்குக்கே பெரும்பாலும் இடமில்லை. முப்பது ஆண்டுகள் ஒரே நகரத்தில் உழைத்தவரும் வேலை முடிந்து விசா முடியும்போது பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

நாடு விட்டு நாடு போய் நிலையாகத் தங்க நினைப்பவர்கள் சம்பளம், தட்பவெப்பம், பள்ளிக்கூடம் ஆகியவற்றைப் பற்றியெல்லாம் துருவித் துருவி விசாரிக்கிறார்கள். எந்த விசாவில் நுழைகிறோம், அந்த விசாவில் கழியும் நாட்கள் எதற்குச் சேரும் என்ற கேள்வியைப் பெரும்பாலோர் வெகு தாமதமாகத்தான் கேட்கிறார்கள். ஒருவர் ஒரு நாட்டில் எவ்வளவு ஆழமாக வேர்விட்டிருக்கிறார் என்பதைச் சட்டத்தால் அளக்க முடியாது. நாட்களை எண்ண முடியும், தாள்களைச் சரிபார்க்க முடியும், தேர்வு வைக்க முடியும். அளக்க முடிந்ததை மட்டுமே அது அளக்கிறது. குடியேறியவர்களின் துயரக் கதைகளில் பலவும் இந்த இடைவெளியில்தான் நடக்கின்றன.

பொதுவாக இந்தப் பயணத்தில் மூன்று கட்டங்கள் உண்டு: குறிப்பிட்ட காலத்துக்குத் தரப்படும் விசா, காலவரம்பற்ற வசிப்புரிமை, அதன்பின் குடியுரிமை. இரண்டாவது கட்டத்தை எட்டியவர்கள் பலர் அத்துடன் நிறுத்திக்கொள்கிறார்கள். வேலை பார்க்கலாம், தொழில் தொடங்கலாம், மருத்துவ வசதி உண்டு, ஓட்டு மட்டும்தானே இல்லை என்ற நினைப்பு. ஆனால் அந்த நிலைக்குப் பெயரில் இருக்கும் நிரந்தரம் நடப்பில் முழுமையாக இருப்பதில்லை. பிரிட்டனில் பொதுவாக இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து வெளியே இருந்தால் காலவரம்பற்ற வசிப்புரிமை காலாவதியாகிவிடும். கனடாவில் ஐந்து ஆண்டுகளில் 730 நாட்களாவது நாட்டுக்குள் இருந்தால்தான் அது நிலைக்கும். அமெரிக்காவில் முன் அனுமதி இல்லாமல் ஓராண்டுக்கு மேல் வெளியே தங்கினால் கிரீன் கார்டைக் காட்டி உள்ளே வருவது கடினம். படுத்த படுக்கையாகிவிட்ட தாயைக் கவனிக்கப் போனவருக்கும் இதே விதிதான். சில குற்றங்களுக்காகத் தண்டனை பெற்றால், தண்டனை முடிந்த பிறகு நாடுகடத்தப்படவும் கூடும். குடிமகனுக்கு அந்த அச்சம் இல்லை.

வசிப்புரிமையோடு நின்றுவிடுவது எவ்வளவு ஆபத்தானது என்பதற்குப் பிரிட்டனின் ‘விண்ட்ரஷ்’ விவகாரத்தைவிடக் கொடிய சான்று இல்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஆள் பற்றாக்குறையால் தவித்த பிரிட்டனுக்குக் கரீபியத் தீவுகளிலிருந்து மக்கள் வந்தார்கள். 1948 ஜூன் 22 அன்று டில்பரி துறைமுகத்தில் அவர்களை இறக்கிவிட்ட எம்பயர் விண்ட்ரஷ் கப்பலின் பெயரே அந்தத் தலைமுறைக்கு நிலைத்துவிட்டது. 1971-ஆம் ஆண்டுச் சட்டம், 1973 ஜனவரி 1-க்கு முன்பே காமன்வெல்த் நாடுகளிலிருந்து வந்து குடியேறியிருந்தவர்கள் தொடர்ந்து தங்கலாம் என்று உறுதியளித்தது. ஆனால் யார் யாருக்கு அந்த உரிமை உண்டு என்று அரசு பதிவேடு எதையும் வைத்துக்கொள்ளவில்லை. அவர்களுக்கு ஒரு சான்றிதழும் தரவில்லை. பலர் சிறு பிள்ளைகளாக, பெற்றோரின் பாஸ்போர்ட்டில் வந்தவர்கள்.

நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு சட்டவிரோதக் குடியேற்றத்தை ஒடுக்குகிறோம் என்று கிளம்பிய அரசு, வேலை தருபவர், வீட்டை வாடகைக்கு விடுபவர், மருத்துவமனை என எல்லோரும் குடிவரவுத் தாள்களைக் கேட்கும்படி விதிகளை மாற்றியது. வாழ்நாள் முழுவதும் அங்கேயே உழைத்து ஓய்வு பெறும் வயதில் இருந்தவர்களிடம், தங்கிய ஒவ்வோர் ஆண்டுக்கும் ஆவணம் காட்டச் சொன்னார்கள். எழுபதுகளில் படித்த பள்ளியின் வருகைப் பதிவேட்டுக்கு அவர்கள் எங்கே போவார்கள்? அவர்கள் வந்திறங்கிய நாளைக் காட்டக்கூடிய பழைய வருகை அட்டைகளையோ அரசே 2010-இல் அழித்திருந்தது. வேலை போனவர்கள், வீடு இழந்தவர்கள், புற்றுநோய் சிகிச்சை மறுக்கப்பட்டவர்கள், தடுப்பு முகாமில் அடைக்கப்பட்டவர்கள், நினைவு தெரிந்த நாள் முதல் கண்டிராத தீவுக்கு அனுப்பப்பட்டவர்கள் என்று 2018-இல் உண்மை வெளியே வந்தபோது பிரிட்டன் பிரதமர் மன்னிப்புக் கேட்டார். இவர்கள் யாரும் குடிவரவுச் சட்டத்தை மீறியவர்கள் அல்லர். உரிமை இருந்தது, அதைக் காட்ட ஒரு தாள் இல்லை. ஓர் அரசு தன்னிடம் இருந்த ஆதாரத்தை அழித்துவிட்டு, அதையே முதியவர்களிடம் கேட்டது என்பதை எந்த நிர்வாக விளக்கத்தாலும் நியாயப்படுத்த முடியாது.

ஆகவே, நாட்களை எண்ணும் வேலையை வந்திறங்கிய அன்றே தொடங்கிவிட வேண்டும். ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பிரிட்டனில் ஐந்தாண்டு வழியில் குடியுரிமைக்கு விண்ணப்பிப்பவர் அந்தக் காலத்தில் 450 நாட்களுக்கு மேலும், கடைசி ஓராண்டில் 90 நாட்களுக்கு மேலும் வெளியே இருந்திருக்கக் கூடாது. புறப்படும் நாளும் திரும்பும் நாளும் வெளியில் இருந்த நாட்களாகக் கருதப்படுவதில்லை. இவற்றையெல்லாம் சரியாகக் கணக்கிட்டவர்கள்கூடக் கோட்டைவிடும் விதி ஒன்று உண்டு: விண்ணப்பம் போய்ச் சேரும் நாளுக்குச் சரியாக ஐந்து ஆண்டுகளுக்கு முந்தைய அந்தத் தேதியில் விண்ணப்பதாரர் பிரிட்டன் மண்ணில் இருந்திருக்க வேண்டும். அன்றைக்கு அவர் விடுமுறையில் வெளிநாட்டில் இருந்திருந்தால் விண்ணப்பம் சிக்கலில் மாட்டும். தேதியைச் சில வாரம் தள்ளிப்போட்டிருந்தாலே தீர்ந்திருக்கக்கூடிய சிக்கல் அது. ஆயிரத்து ஐந்நூறு பவுண்டுக்கு மேல் கட்டணம் கட்டி விண்ணப்பிக்கும் இடத்தில் அந்தப் பிசகு சிறியதல்ல.

ஆஸ்திரேலியாவில் நான்கு ஆண்டுகள் சட்டப்படி வசித்திருக்க வேண்டும். அதில் கடைசி ஓராண்டு நிரந்தர வசிப்புரிமையோடு கழிந்திருக்க வேண்டும். மொத்தத்தில் 12 மாதமும் கடைசி ஆண்டில் 90 நாட்களும் வெளியே போய்வரலாம். அமெரிக்காவில் கிரீன் கார்டுடன் ஐந்து ஆண்டுகள், அதில் பாதிக்குக் குறையாமல் நாட்டுக்குள். ஒரே பயணம் ஆறு மாதத்தைத் தாண்டினால், தொடர்ந்து வசித்தது அறுந்துவிட்டதா என்ற கேள்வி எழும். விண்ணப்பத்தில் ஐந்தாண்டுப் பயணங்களையும் தேதி வாரியாக எழுத வேண்டும். இப்போது பல விமான நிலையங்களில் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதே இல்லை என்பதால், முத்திரையைப் பார்த்து எழுதிக்கொள்ளலாம் என்றிருந்தவர்கள் தடுமாறுகிறார்கள். பழைய டிக்கெட், விமானத்தில் ஏறும் அட்டை, வாடகை ஒப்பந்தம், வரி ரசீது எதையும் தூக்கிப்போடக் கூடாது. காலாவதியான பாஸ்போர்ட்டையும்தான்.

அகதியாக வந்தவர்களுக்கு வேறொரு எச்சரிக்கையும் தேவை. 1951-ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையின் 34-ஆம் பிரிவு, அகதிகள் குடியுரிமை பெறுவதை நாடுகள் எளிதாக்க வேண்டும் என்கிறது. ஆனால் அதே உடன்படிக்கைப்படி, தப்பி வந்த நாட்டின் பாதுகாப்பைத் தாமாகவே மீண்டும் நாடியவருக்கு அகதி நிலை முடிவுக்கு வரலாம். சொந்த நாட்டுத் தூதரகத்தில் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துக்கொண்டு ஊர்த் திருவிழாவுக்குப் போய்வந்த பயணம், பிற்பாடு விசாரணை மேசையில் சான்றாக வந்து நிற்கும். புதிய நாட்டின் குடியுரிமை கையில் வரும்வரை அந்த ஆசையை அடக்கிவைப்பதுதான் நல்லது.

இத்தனை ஆண்டுகள் காத்திருக்கச் சொல்வது ஏன் என்ற கேள்வி நியாயமானது. அதற்குச் சட்ட உலகம் அடிக்கடி எடுத்துக்காட்டும் வழக்கு ஃபிரீட்ரிக் நோட்டபாமுடையது. ஜெர்மனியில் பிறந்த அவர் 1905 முதல் குவாத்தமாலாவில் தொழில் செய்தார். 1939-இல் போர் தொடங்கிய சில வாரங்களில், போரில் சேராத சிறு ஐரோப்பிய நாடான லிக்டன்ஸ்டைன் போய், அங்கே வசித்திருக்க வேண்டிய மூன்று ஆண்டு நிபந்தனையிலிருந்து விலக்குப் பெற்று, கட்டணம் கட்டிக் குடியுரிமை வாங்கி, மீண்டும் குவாத்தமாலாவுக்கே திரும்பினார். எதிரி நாட்டவர் என்று குவாத்தமாலா அவரைப் பிடித்து அமெரிக்காவிடம் ஒப்படைத்தது, சொத்தையும் எடுத்துக்கொண்டது. அவருக்காக லிக்டன்ஸ்டைன் தொடுத்த வழக்கில் சர்வதேச நீதிமன்றம் 1955-இல் தீர்ப்பளித்தது. வாழ்க்கையால் உண்டான உண்மையான பிணைப்பு இல்லாத குடியுரிமையை மற்றொரு நாடு தன்மீது செல்லுபடியாகக் கொள்ள வேண்டியதில்லை என்பது அதன் சாரம்.

அந்தக் கருத்துக்கு எதிராகப் பாஸ்போர்ட் விற்பனை வளர்ந்தது. 1984-இல் கரீபியத் தீவு நாடான செயின்ட் கிட்ஸ் நெவிஸ் முதலீட்டுக்குக் குடியுரிமை தரும் திட்டத்தைத் தொடங்கியது. வேறு பல நாடுகள் பின்தொடர்ந்தன. மால்டா தன் குடியுரிமையைப் பணத்துக்குத் தந்தபோது அதோடு ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் வாழும் உரிமையும் சேர்ந்தே போனது. 2025 ஏப்ரல் 29 அன்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் அதைச் சட்டவிரோதம் என்றது. துப்புரவுத் தொழிலாளி ஒருவர் ஆண்டுக்கணக்கில் காத்திருந்து பெறுவதைச் செல்வந்தர் காசோலையால் பெற்றுக்கொள்ளும் ஏற்பாடு அது. அந்தத் தீர்ப்பு இன்னும் முன்பே வந்திருக்க வேண்டும்.

குடியுரிமைக்காக வைக்கும் பொது அறிவுத் தேர்வுகளைப் பற்றி அதிகம் பயப்படத் தேவையில்லை. பிரிட்டன் தேர்வில் 24 கேள்விகளுக்கு 18 சரியாக வேண்டும். ஜெர்மனியில் 33-க்கு 17. அமெரிக்காவில் 2025 அக்டோபர் 20 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 128 கேள்விகள் கொண்ட பட்டியலிலிருந்து 20 வரை கேட்டு 12 சரியா என்று பார்க்கிறார்கள். படித்தால் தேறிவிடலாம். மொழித் தேர்வுதான் நிஜமான தடை. குறிப்பாக, வீட்டுக்குள்ளேயே பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு ஆண்டுகளைக் கழித்த பெண்களுக்கும், சொந்த ஊர்க்காரர்களோடு மட்டுமே வேலை பார்க்க நேர்ந்தவர்களுக்கும். ஒரு நாட்டில் நிலையாக வாழப்போகிறவர் அதன் மொழியைக் கற்க வேண்டும் என்று கேட்பதில் தவறில்லை. கற்றுக்கொள்ள வகுப்பும் நேரமும் தராமல் சான்றிதழ் மட்டும் கேட்பதுதான் தவறு.

அதைவிட மோசமானது அக்கம்பக்கத்தாரின் விருப்புவெறுப்பிடம் முடிவை விடுவது. சுவிட்சர்லாந்தில் பொதுவாகப் பத்து ஆண்டுகள் வசித்த பிறகு ஊராட்சி, மாநிலம், கூட்டரசு என மூன்று படியிலும் ஒப்புதல் பெற வேண்டும். 2000-ஆம் ஆண்டில் எமென் என்ற ஊரில் விண்ணப்பதாரர்களைப் பற்றிய விவரத்தை வீடுதோறும் அனுப்பி, ரகசிய வாக்கெடுப்பு நடத்தினார்கள். இத்தாலியப் பின்னணி உள்ளவர்கள் தேறினார்கள். பால்கன் பகுதியிலிருந்து வந்தவர்கள் நிராகரிக்கப்பட்டார்கள். காரணம் சொல்ல யாரும் கடமைப்பட்டிருக்கவில்லை. 2003-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் இப்படிப்பட்ட வாக்கெடுப்பு அரசமைப்புக்கு முரணானது என்று தடுத்தது. நிராகரிக்கப்படுபவருக்கு ஏன் என்று அறியும் உரிமை வேண்டும் என்பதுதான் அடிப்படை.

விதிகள் பாதி வழியில் மாறவும் செய்யும். ஜெர்மனி 2024 ஜூன் 27 முதல், குடியுரிமைக்கு வசித்திருக்க வேண்டிய எட்டு ஆண்டை ஐந்தாகக் குறைத்தது. சிறப்பாக ஒன்றிப்போனவர்களுக்கு மூன்றே ஆண்டு என்றும் வழி திறந்தது. அடுத்த ஆண்டு அக்டோபரிலேயே அந்த மூன்றாண்டு வழி மூடப்பட்டது. தகுதி வந்த நாளில் விண்ணப்பிக்காமல் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

இந்தப் பயணத்தில் மனத்தை அதிகம் அரிப்பது பழைய குடியுரிமை பற்றிய கேள்வி. ஒருவர் தன் நாட்டை விட்டு விலக முடியும் என்பதே ஒரு காலத்தில் சட்டத்தில் இல்லை. பிறந்த மன்னனுக்குச் சாகும்வரை விசுவாசம் என்பதுதான் பிரிட்டனின் கொள்கை. அமெரிக்கக் குடியுரிமை பெற்ற மாலுமிகளையும் பிரிட்டிஷ் கடற்படை நடுக்கடலில் இழுத்துக்கொண்டு போனது. 1812-இல் இரு நாடுகளும் போருக்குப் போனதற்கு அதுவும் ஒரு முக்கியக் காரணம். குடியுரிமையைத் துறப்பது இயற்கையான உரிமை என்று அமெரிக்கா 1868-இல் சட்டம் இயற்றியது. 1870-இல்தான் பிரிட்டன் தன் குடிகள் வேறு நாட்டவராக மாறலாம் என்று ஏற்றது.

இன்று நாடுகள் இரு பக்கமாக நிற்கின்றன. பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா முதலியவை இரட்டைக் குடியுரிமையை ஏற்கின்றன. டென்மார்க் 2015-இலும் நார்வே 2020-இலும் ஜெர்மனி முழுமையாக 2024-இலும் அந்தப் பக்கம் வந்தன. இந்தியா, சீனா, ஜப்பான், சிங்கப்பூர் ஏற்பதில்லை. இந்தியாவின் 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 9-ஆம் பிரிவுப்படி, வேறு நாட்டின் குடியுரிமையைத் தானாக விரும்பிப் பெறும் இந்தியர் அந்தக் கணமே இந்தியக் குடியுரிமையை இழக்கிறார். விண்ணப்பம் எதுவும் தேவையில்லை. பழைய பாஸ்போர்ட்டை ஒப்படைப்பது பிறகு நடக்கும் சடங்கு. அதன்பின் அந்தப் பாஸ்போர்ட்டில் பயணம் செய்வது குற்றம். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் ஓசிஐ அட்டை வாழ்நாள் விசாவைப் போன்றது. அதை வைத்துக்கொண்டு ஓட்டுப் போட முடியாது, விவசாய நிலம் வாங்க முடியாது, அரசமைப்புப் பதவிகளில் அமர முடியாது. பூர்வீக நிலத்தை ஒட்டிய வயலை வாங்கிப்போடும் எண்ணம் இருப்பவர்கள் புதிய நாட்டின் குடிமகனாக உறுதிமொழி எடுப்பதற்கு முன்பே இதையெல்லாம் யோசிக்க வேண்டும்.

இழப்பது தெரியாமலே இழந்தவர்களும் இருக்கிறார்கள். ஜெர்மனியில் குடியுரிமை பெறத் துருக்கியக் குடியுரிமையைத் துறந்த பலர், பிறகு அதை அமைதியாகத் திரும்ப வாங்கிக்கொள்வது வழக்கமாக இருந்தது. 2000 ஜனவரி 1-இல் வந்த புதிய சட்டம் அந்தக் கதவை அடைத்தது. அது தெரியாமல் வாங்கியவர்கள் பல்லாயிரம் பேர். திரும்ப வாங்கிய நாளிலேயே அவர்களது ஜெர்மானியக் குடியுரிமை தானாக அற்றுப்போயிருந்தது.

நேர்மாறாகவும் நடக்கும். ஆஸ்திரேலிய அரசமைப்பின் 44-ஆம் பிரிவு, வேறு நாட்டுக் குடியுரிமை உள்ளவர் நாடாளுமன்றத்தில் அமரக் கூடாது என்கிறது. 2017-இல் துணைப் பிரதமர் பார்னபி ஜாய்ஸ் அப்படித்தான் பதவி இழந்தார். அவர் ஆஸ்திரேலியாவிலேயே பிறந்தவர். தந்தை நியூசிலாந்தில் பிறந்தவர் என்பதால், கேட்காமலே அந்த நாட்டுக் குடியுரிமையும் அவருக்கு வந்திருந்தது. செனட்டர் லாரிசா வாட்டர்ஸ் கைக்குழந்தையாகக் கனடாவை விட்டு வந்தவர். அங்கே பிறந்ததாலேயே கனடியக் குடிமகளாகவும் இருந்தார் என்று தெரிந்ததும் பதவி விலகினார். ஒரு நாட்டின் பிடி நம்மிடமிருந்து எப்போது விலகும் என்பதை அந்த நாட்டின் சட்டம்தான் சொல்லும்.

துறப்பதிலும் முறை இருக்கிறது. புதிய நாடு உறுதியான ஒப்புதலை எழுத்தில் தரும் முன்பு பழையதை விட்டுவிட்டால், நடுவில் எந்த நாட்டுக்கும் உரியவர் அல்லாத நாடற்ற நிலை வந்துவிடலாம். அதனால்தான் ஒற்றைக் குடியுரிமையை வலியுறுத்தும் ஆஸ்திரியா, சிங்கப்பூர் போன்ற நாடுகள் முதலில் கொள்கையளவில் ஒப்புதல் தந்து, அதன்பின் பழையதைத் துறக்கச் சொல்கின்றன. ஒப்புதல் கடிதம் இல்லாமல் எந்தத் தாளிலும் கையெழுத்திடக் கூடாது. கடமைகளையும் விசாரிக்க வேண்டும். அமெரிக்கக் குடிமக்கள் உலகில் எங்கே வாழ்ந்தாலும் வருமானக் கணக்கை அமெரிக்காவுக்குக் காட்ட வேண்டும். சிங்கப்பூரில் பெற்றோர் வழியாக நிரந்தரவாசியான மகன், குடியுரிமை பெறாவிட்டாலும் தேசிய சேவை செய்தாக வேண்டும்.

குடியுரிமை கிடைத்த பிறகும் ஒரு வேறுபாடு மிஞ்சுகிறது. பல நாடுகளில், பொய் சொல்லிப் பெற்றதாகத் தெரிந்தால் அதைப் பறிக்கலாம். அதில் நியாயம் உண்டு. பிரிட்டனில் பொதுநலன் என்ற காரணத்தாலும் பறிக்கலாம். லண்டனில் பிறந்து, 15 வயதில் ஐ.எஸ். தீவிரவாத அமைப்பில் சேரச் சிரியாவுக்குப் போன ஷமீமா பேகமின் குடியுரிமை 2019-இல் பறிக்கப்பட்டது. பெற்றோர் வழியில் வங்கதேசக் குடியுரிமை அவருக்கு உண்டு, எனவே நாடற்றவர் ஆகமாட்டார் என்பது அரசின் வாதம். அவரைத் தம் குடிமகளாக வங்கதேசம் ஏற்கவில்லை. அவர் செய்ததை ஆதரிக்க வேண்டியதில்லை. ஆனால் அதே செயலைச் செய்த, வெளிநாட்டு வேர் எதுவும் இல்லாத ஒருவரிடமிருந்து குடியுரிமையைப் பறிக்க முடியாது என்னும்போது, குடியேறியவர்களின் பிள்ளைகளுக்கு மட்டும் மெலிந்த குடியுரிமை தரப்படுகிறது என்பதே பொருள்.

பிள்ளைகள் விஷயத்தில்தான் பெற்றோர் அதிகம் அசட்டையாக இருக்கிறார்கள். அங்கே பிறந்த குழந்தை அந்த நாட்டுக்குரியதாகிவிடும் என்ற நம்பிக்கை பல இடங்களில் பழங்கதை. பிரிட்டன் 1983-லும் ஆஸ்திரேலியா 1986-லும் அயர்லாந்து 2005-லும் பிறப்பால் மட்டுமே கிடைத்த உரிமையை நிறுத்திவிட்டன. பெற்றோரில் ஒருவராவது குடிமகனாகவோ நிலையான வசிப்புரிமை உள்ளவராகவோ இருக்க வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகள் வந்தன. வெளிநாட்டில் பிறந்து பெற்றோருடன் போன பிள்ளைக்கு வயது முக்கியம். அமெரிக்காவில் கிரீன் கார்டுடன் பெற்றோரோடு வாழும் பிள்ளைக்கு 18 வயது ஆகும் முன்பு தாயோ தந்தையோ குடியுரிமை பெற்றால், பிள்ளையும் அந்த நாளிலேயே தானாகக் குடிமகனாகிறது. பதினெட்டைத் தாண்டிவிட்டால் அந்தப் பிள்ளை தன் விண்ணப்பத்தைத் தானே போட்டுக்கொள்ள வேண்டும். தன் விண்ணப்பத்தை ஓரிரு ஆண்டு தள்ளிப்போட்ட தந்தைக்கு அதனால் பெரிய நட்டமில்லை, மகளுக்கு இருக்கும்.

இந்த வயதுக் கோடு எவ்வளவு இரக்கமில்லாதது என்பதை அமெரிக்காவில் தத்தெடுக்கப்பட்டவர்களிடம் பார்க்கலாம். கொரியா முதலிய நாடுகளிலிருந்து கைக்குழந்தையாக வந்து, அமெரிக்கக் குடும்பங்களில் வளர்ந்தவர்கள் அவர்கள். வளர்ப்புப் பெற்றோர் சிலர் குடியுரிமைத் தாள்களை முடிக்காமலே விட்டிருந்தார்கள். 2000-ஆம் ஆண்டில் வந்த குழந்தைக் குடியுரிமைச் சட்டம் தத்துப் பிள்ளைகளுக்கும் தானாகக் குடியுரிமை தந்தது. ஆனால் அது நடைமுறைக்கு வந்த 2001 பிப்ரவரி 27 அன்று 18 வயது நிரம்பியிருந்தவர்களை அது சேர்த்துக்கொள்ளவில்லை. அவர்களில் சிலர் குற்ற வழக்கில் சிக்கிய பிறகு, மொழியும் தெரியாத, உறவினர் யாரும் இல்லாத பிறந்த நாட்டுக்கு நாடுகடத்தப்பட்டார்கள். எஞ்சியவர்களுக்கும் குடியுரிமை தரும் மசோதா அமெரிக்க நாடாளுமன்றத்தில் பலமுறை அறிமுகமாகியும் சட்டமாகவில்லை.